ஒரு பைண்ட் பீருக்காக 133 நாள் போராட்டம்!

நல்ல பீர், நியாயமான விலை, உள்ளூர்ச் சுவை... பிரிட்டன் மக்கள் இவற்றை எப்படிக் கேட்டு வாங்கினார்கள்?

இங்கிலாந்தின் தென்பகுதியில், லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது லூயிஸ் என்ற சிறிய ஊர். 2006 டிசம்பரில், எலும்பைத் துளைக்கும் குளிரில், அந்த ஊரின் ‘லூயிஸ் ஆர்ம்ஸ்’ என்ற பழைய பப்பின் வாசலில் கம்பளிக் கோட்டும் குல்லாவுமாகச் சிலர் நின்றார்கள். எல்லோரும் அந்த பப்பின் நெடுநாள் வாடிக்கையாளர்கள். ஆனால், அவர்கள் உள்ளே போகவில்லை. உள்ளே போக வந்தவர்களிடமும் ‘இன்றைக்கு வேண்டாமே’ என்று பேசித் திருப்பி அனுப்பினார்கள்.

காரணம், ஒரு பீர்.

லூயிஸில் 1790-லிருந்து இயங்குகிறது ‘ஹார்வீஸ்’ என்ற பீர் ஆலை. பப்பிலிருந்து நடந்தே போய்விடலாம். ஊஸ் நதிக்கரையில் இருக்கும் அந்த ஆலையிலிருந்து மால்ட் வேகும் வாசனை ஊருக்குள் வீசும். 2000-ஆம் ஆண்டு பெருவெள்ளத்தில் ஆலையே மூழ்கியபோது, தப்பிய பீருக்கு ‘ஊஸ் பூஸ்’ என்று பெயர் வைத்து விற்று வெள்ள நிவாரணத்துக்குப் பணம் திரட்டினார்கள். அந்த அளவுக்கு அது ஊரோடு ஒட்டிய ஆலை.

லூயிஸ் ஆர்ம்ஸ் பப் அப்போது ‘கிரீன் கிங்’ என்ற பெரிய பீர் நிறுவனத்தின் கையில் இருந்தது. ‘எங்கள் பப்பில் எங்கள் பீரைத்தான் விற்போம்’ என்று முடிவெடுத்த நிறுவனம், ஹார்வீஸ் பீரை அங்கிருந்து எடுத்துவிட்டது. அங்கே அதிகம் விற்றுக்கொண்டிருந்ததே ஹார்வீஸ்தான்!

ஊர் கொதித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். பலன் இல்லை. உடனே, ‘ஹார்வீஸ் திரும்பி வரும்வரை ஒரு சொட்டுகூடக் குடிக்க மாட்டோம்’ என்று புறக்கணிப்பில் இறங்கினார்கள். கிறிஸ்துமஸ் போனது, புத்தாண்டு போனது, பனிக்காலமும் போனது. 133 நாள்களுக்குப் பிறகு, 2007 ஏப்ரலில் நிறுவனம் இறங்கி வந்தது. ஹார்வீஸ் மீண்டும் குழாயில் ஏறியது.

ஒரு குவளை பீருக்கு இவ்வளவு அமர்க்களமா என்று தோன்றலாம். ஆனால், இன்றைக்கு பிரிட்டனில் ஒருவர் சின்ன ஊருக்குள் நுழைந்து, அந்த ஊரிலேயே காய்ச்சிய பீரை, ருசி பார்த்து, அளவு குறையாமல் வாங்க முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் 50 ஆண்டுக்கால வாடிக்கையாளர் போராட்டம் இருக்கிறது.

உயிருள்ள பீர், உயிரில்லாத பீர்

பீருக்குத் தேவை நான்கே பொருள்கள்: தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ, சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் ஈஸ்ட். இந்த நான்கை வைத்துக்கொண்டு நூறு விதமான சுவையைக் கொண்டுவரலாம். மால்ட்டைக் கருக வறுத்தால் கருப்பு நிற ஸ்டவுட். அதில் காபிக்கொட்டையின் கசப்பும் வாசனையும் தெரியும். லேசாக உலர்த்தினால் பொன்னிற பேல் ஏல்.

பிரிட்டனின் பாரம்பரிய பீர், ஆலையில் பாதி வேலையும் பப்பில் மீதி வேலையும் நடந்து முடிவது. ஆலையிலிருந்து பீப்பாயில் வரும்போது அதற்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். பப்பின் நிலவறையில் வைத்த பிறகும் அது மெல்ல நொதித்துக்கொண்டே இருக்கும். தெளிந்த பிறகு, வாயு எதையும் அழுத்தி ஏற்றாமல், கைப்பம்பால் இழுத்துக் குவளையில் ஊற்றுவார்கள். 12 டிகிரி செல்சியஸைச் சுற்றிய குளிர்ச்சியில் பரிமாறுவார்கள். ‘இங்கிலீஷ்காரன் வெதுவெதுப்பான பீர் குடிப்பான்’ என்ற கிண்டல் இதிலிருந்து வந்ததுதான். உண்மையில் அது நிலவறைக் குளிர்ச்சி. ஐஸ் மாதிரி குளிர்ந்தால் நாக்கு மரத்துச் சுவை தெரியாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பீப்பாயைத் திறந்துவிட்டால் சுமார் மூன்று நாள்களுக்குள் விற்றாக வேண்டும். தோசை மாவு புளிப்பது மாதிரி, அதற்குப் பிறகு பீர் கெடத் தொடங்கும். ஒரு ‘ஃபர்கின்’ பீப்பாயில் 72 பைண்ட் இருக்கும். ஒரு பைண்ட் என்பது 568 மில்லிலிட்டர்.

பெரிய நிறுவனங்கள் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டுபிடித்தன. பீரை வடிகட்டி, சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்று, உலோகக் கலனில் அடைத்து, கரியமில வாயு அழுத்தத்தில் வெளியே தள்ளினால் போதும். வாரக்கணக்கில் கெடாது. நாடு முழுக்க ஒரே சுவை. இதற்கு ‘கெக்’ பீர் என்று பெயர். விற்பவருக்கு வசதி. குடிப்பவருக்கோ, எந்த ஊருக்குப் போனாலும் அதே சுவை.

1970 வாக்கில் பிரிட்டனின் பீர் வியாபாரத்தில் பெரும்பகுதி ஆறு பெரிய நிறுவனங்களின் கையில் இருந்தது. ஆயிரக்கணக்கான பப்களும் அவற்றுக்கே சொந்தம். பப் எந்த ஆலைக்குச் சொந்தமோ, அந்த ஆலையின் பீரைத்தான் விற்க வேண்டும். சின்ன ஆலைகளை விலைக்கு வாங்குவது, பிறகு மூடிவிடுவது என்பது வாடிக்கையாகிப் போனது. பழைய பீப்பாய் பீர் இன்னும் பத்து வருஷம்கூடத் தாங்காது என்றே பலரும் நினைத்தார்கள்.

நான்கு இளைஞர்கள், ஒரு விடுமுறை

1971 மார்ச். இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியிலிருந்து நான்கு இளைஞர்கள் அயர்லாந்துக்கு விடுமுறைக்குப் போனார்கள். மைக்கேல் ஹார்ட்மன், கிரஹாம் லீஸ், பில் மெல்லர், ஜிம் மேக்கின். டன்குவின் என்ற கடலோரக் கிராமத்தின் பப்பில் உட்கார்ந்து, ஊரில் பீர் கெட்டுப்போன கதையைப் பேசிப் புலம்பினார்கள். புலம்பியதோடு நிற்காமல், அங்கேயே ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதில் பாதி விளையாட்டுதான். இரண்டு ஆண்டுகளில் ‘உண்மையான ஏல் பீருக்கான இயக்கம்’ என்று பெயர் நிலைத்தது. சுருக்கமாக ‘கேம்ரா’.

இவர்களில் ஹார்ட்மனும் லீஸும் பத்திரிகையாளர்கள். செய்தி எப்படிப் பரவும் என்பது தெரிந்தவர்கள். ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஸ்டோன் என்ற ஊரின் ஜூல்ஸ் ஆலையைப் பெரிய நிறுவனம் மூடப்போகிறது என்றதும், கேம்ராவினர் அங்கே ஊர்வலம் போனார்கள். 1974-இல் ஆலை மூடப்பட்டதைத் தடுக்க முடியவில்லை. ஆனால், பீருக்காக ஊர்வலமா என்று நாடே திரும்பிப் பார்த்தது.

அதே 1974-இல் கடைகளுக்கு வந்தது ‘குட் பீர் கைடு’ புத்தகம். எந்த ஊரில், எந்த பப்பில் நல்ல பீர் கிடைக்கும் என்ற பட்டியல் அது. வெளியிட்டது வாடிங்டன் நிறுவனம். பிரிட்டனில் ‘மோனோபொலி’ விளையாட்டை விற்றுவந்த அதே நிறுவனம்! பீர் உலகின் மோனோபொலியை எதிர்க்கும் புத்தகத்துக்கு இப்படியொரு பதிப்பாளர். வாட்னி என்ற பெரிய நிறுவனத்தின் பீரைக் கொள்ளைநோயோடு ஒப்பிட்டு எழுதியிருந்ததைப் பார்த்துப் பதிப்பாளருக்கு வியர்த்துவிட்டது. வாசகத்தைச் சற்றே மென்மையாக்கிய பிறகுதான் புத்தகம் வெளிவந்தது. இந்தச் சர்ச்சையே நல்ல விளம்பரமாகவும் ஆனது.

இன்றும் ஆண்டுதோறும் வருகிறது அந்தப் புத்தகம். சுமார் 4,500 பப்கள் இடம்பெறும். தேர்ந்தெடுப்பவர்கள் அந்தந்த ஊர் உறுப்பினர்கள். பணம் கொடுத்து எந்த பப்பும் உள்ளே நுழைய முடியாது. அதனால்தான், எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் வந்துவிட்ட பிறகும் அந்தப் பட்டியலுக்கு மதிப்பு இருக்கிறது.

சொந்தக் காசில் திருவிழா

1975-இல் லண்டன் காவென்ட் கார்டனில் கேம்ரா ஒரு பீர் கண்காட்சி நடத்தியது. கூட்டம் அலைமோதியது. 1977-இல் அலெக்ஸாண்ட்ரா பேலஸ் அரங்கில் முதல் ‘கிரேட் பிரிட்டிஷ் பீர் ஃபெஸ்டிவல்’ நடந்தது. 1980-இல் அந்த அரங்கே தீப்பிடித்து எரிந்தது. ‘திருவிழாவை நிறுத்த முடியாது’ என்று பக்கத்திலேயே கூடாரம் போட்டு நடத்திக் காட்டினார்கள்.

பீப்பாய் உருட்டுவது முதல் குவளை நிரப்புவது வரை சம்பளமில்லாத தன்னார்வலர்கள்தான். உள்ளே நுழைந்ததும் முன்பணம் கட்டி ஒரு கண்ணாடிக் குவளை வாங்கிக்கொள்ள வேண்டும். வேண்டாமென்றால் போகும்போது திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். குவளையில் மூன்று கோடுகள் இருக்கும்: மூன்றில் ஒரு பங்கு, அரை, முழு பைண்ட். இப்படிப்பட்ட திருவிழாக்கள் இப்போது சின்னச் சின்ன ஊர்களின் டவுன் ஹால்களிலும் நடக்கின்றன. உள்ளூர் ஆலைகளின் பத்திருபது வகைகளை ஒரே கூரையின் கீழ் ருசி பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

சட்டம் திறந்த கதவு

கூச்சல் மட்டும் போதாது, சட்டமும் மாற வேண்டும். 1989-இல் அரசின் ஏகபோகத் தடுப்பு ஆணையம் பீர் வியாபாரத்தை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. தொடர்ந்து வந்த உத்தரவால், ஆயிரக்கணக்கில் பப் வைத்திருந்த நிறுவனங்கள் அவற்றில் ஒரு பகுதியைத் தங்கள் பிடியிலிருந்து விடவேண்டி வந்தது. மீதி பப்களிலும் வெளி ஆலையின் ஒரு பீப்பாய் பீராவது விற்கலாம் என்று வழி பிறந்தது. அதைத்தான் ‘விருந்தாளி பீர்’ என்றார்கள்.

அடுத்த பெரிய திருப்பம் 2002. அப்போது நிதியமைச்சராக இருந்த கார்டன் பிரவுன், சிறிய ஆலைகளுக்கு பீர் வரியைப் பாதியாகக் குறைத்தார். ஆண்டுக்கு 5 லட்சம் லிட்டர் வரை காய்ச்சும் ஆலைகளுக்கு அந்தச் சலுகை முழுதாகக் கிடைத்தது. அதற்குப் பிறகு பழைய தொழுவம், ரயில் பாலத்தின் அடிவளைவு, கார் ஷெட் என்று கிடைத்த இடத்திலெல்லாம் ஆலைகள் முளைத்தன. 1970-களின் தொடக்கத்தில் 200-க்கும் குறைவாக இருந்த பீர் ஆலைகள், இன்று 1,500-க்கும் மேல்.

லண்டனின் பெர்மாண்ட்சி பகுதி இதற்கு நல்ல சாட்சி. ரயில்பாதையைத் தாங்கும் செங்கல் வளைவுகளுக்குள் வரிசையாக ஆலைகள். 2009-இல் அந்தப் பகுதியில் தொடங்கிய ‘தி கெர்னல்’ ஆலையின் வழியில் பல ஆலைகள் வந்தன. சனிக்கிழமை மதியங்களில் மக்கள் ஒவ்வொரு வளைவாக நடந்து ருசி பார்ப்பதால் அந்த வழிக்கே ‘பீர் மைல்’ என்று பெயர் வந்துவிட்டது.

காசுக்கேற்ற பீர்: கைகொடுக்கும் வழிகள்

மேற்படிப்புக்கோ வேலைக்கோ பிரிட்டன் போகிறவர்கள் முதலில் மலைத்து நிற்பது பப்பின் விலைப்பலகை முன்னால்தான். ஒரு பைண்ட் விலையை ரூபாயில் பெருக்கினால் தொண்டை தானாக வற்றிவிடும். அனுபவசாலிகள் கையாளும் வழிகள் இவை.

ருசி பார்த்து வாங்கலாம்: பீப்பாய் பீர் விற்கும் பப்களில், கேட்டால் சின்னக் கிளாஸில் ஒரு வாய் ஊற்றித் தருவார்கள். காசு கிடையாது. பிடிக்கவில்லை என்றால் அடுத்ததைக் கேட்கலாம். புடவைக் கடையில் நாலு புடவையை எடுத்துப் போடச் சொல்வது போலத்தான். ஆனால், வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது ஏழெட்டு வகை கேட்டால் முறைப்பார்கள்.

சின்னக் குவளை கேட்கலாம்: முழு பைண்ட்தான் வாங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு, அரை, மூன்றில் இரண்டு பங்கு ஆகியவையும் சட்டப்படியான அளவுகள். மூன்று சின்னக் குவளைகளை மரத்தட்டில் வரிசையாக வைத்துத் தரும் இடங்களும் உண்டு. ஒரு பைண்டின் அளவில் மூன்று சுவைகள். இதில் மென்மையானதில் தொடங்கி, கருப்பானதும் காட்டமானதும் கடைசியில் என்று போனால்தான் நாக்குக்கு வித்தியாசம் தெரியும். இடையிடையே தண்ணீர் அவசியம்.

அளவைப் பார்க்கலாம்: நுரை பொங்கி வழியும் குவளை பார்க்க அழகு. ஆனால், நுரைக்கும் சேர்த்துத்தான் காசு. நுரை போக 95 சதவிகிதமாவது பீர் இருக்க வேண்டும் என்பது அங்கே தொழில்துறையின் வழிகாட்டுதல். குறைந்தால் ‘டாப் அப்’ என்று கேட்டால் முகம் சுளிக்காமல் நிரப்ப வேண்டும். நம் ஊரில் பெட்ரோல் பங்க்கில் ‘ஜீரோ’ பார்ப்பது போன்ற விழிப்பு இது.

கெட்டதைத் திருப்பலாம்: பீப்பாய் பீரில் வினிகர் வாடை அடித்தால், அது காலம் கடந்த சரக்கு. ஒரு வாய் குடித்துவிட்டு அமைதியாகச் சொன்னால், நல்ல பப்பில் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள். திடீரென்று அடிமாட்டு விலைக்கு ஒரு பீப்பாய் பீர் விற்றால், அது எப்போது திறந்தது என்று கேட்பது புத்திசாலித்தனம்.

அடையாளம் பார்க்கலாம்: நிலவறையின் சுத்தம், பீரின் குளிர்ச்சி, சுவை ஆகியவற்றைச் சோதித்துத் தரப்படும் ‘காஸ்க் மார்க்’ பலகை பப்பின் வாசலில் இருக்கும். பக்கத்து ஆலையின் பீரை விற்கும் பப்களுக்கு ‘லோக் ஏல்’ என்ற அடையாளமும் உண்டு. 2007-இல் நாட்டிங்ஹாம் கேம்ரா கிளை தொடங்கிய திட்டம் அது. லாரியில் வெகுதூரம் அலையாத பீர் என்பதற்கான அத்தாட்சி.

சின்ன பப்பைத் தேடலாம்: 2005-இல் கென்ட் மாவட்டத்தின் ஹெர்ன் கிராமத்தில், மார்ட்டின் ஹில்லியர் என்பவர் பழைய கறிக்கடை ஒன்றை ‘புச்சர்ஸ் ஆர்ம்ஸ்’ என்ற குட்டி பப்பாக மாற்றினார். பத்திருபது பேர் உட்காரும் இடம். பாட்டு இல்லை, டிவி இல்லை, சூதாட்ட மெஷின் இல்லை. பீர், அரட்டை, அவ்வளவுதான். செலவு குறைவு என்பதால் விலையும் கட்டுப்படி. இதைப் பார்த்து நாடு முழுக்க ‘மைக்ரோ பப்’கள் கிளம்பின.

தள்ளுபடியைக் கேட்கலாம்: கேம்ரா உறுப்பினர் அட்டை காட்டினால் விலை குறைக்கும் பப்கள் பல உண்டு. கூட்டம் குறைவான வார நாள்களில் சலுகை தரும் பப்களும் இருக்கின்றன. அந்த விவரம் பெரும்பாலும் வாசலில் சாக்பீஸில்தான் எழுதியிருக்கும்.

தள்ளுபடிக்கும் ஒரு கோடு

பீரில் ‘ஆஃபர்’ என்றால் எல்லாமே நல்ல ஆஃபர் இல்லை. ‘இவ்வளவு பணம் கட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் குடி’ என்பது போன்ற பொறுப்பற்ற சலுகைகளை இங்கிலாந்து 2010-இல் தடைசெய்தது. வரித்தொகைக்கும் கீழே விலை வைத்து விற்கவும் 2014-லிருந்து தடை. அதேபோல, கேட்பவருக்குக் குடிதண்ணீரை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும்.

ஸ்காட்லாந்து இன்னும் கறார். ‘மூன்று வாங்கினால் மலிவு’ என்று கடைகளில் மொத்தமாகத் தள்ளிவிடுவதற்கு 2011-லேயே தடை. 2018 மே மாதம் முதல், ஆல்கஹாலின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் குறைந்தபட்ச விலை வைத்தார்கள். முதலில் 50 பென்ஸ். 2024 செப்டம்பர் முதல் 65 பென்ஸ். மிக மலிவான, மிகக் காட்டமான சரக்குதான் அதிகம் கெடுக்கிறது என்பதே இதன் பின்னாலிருக்கும் கணக்கு.

2023 ஆகஸ்டில் பிரிட்டன் முழுக்க வரிமுறையும் மாறியது. போதை அதிகமென்றால் வரி அதிகம், குறைவென்றால் குறைவு. பப்பின் குழாயிலிருந்து வரும் பீருக்கு, சூப்பர் மார்க்கெட் கேனைவிட வரி குறைவு. நாலு பேரோடு உட்கார்ந்து நிதானமாகக் குடிப்பதற்குச் சலுகை, வீட்டில் கேன் கேனாகக் குவிப்பதற்குச் சலுகை இல்லை.

லேபிள் சொல்லாத செய்தி

‘கிராஃப்ட் பீர்’ என்று எழுதியிருந்தால் அது சின்ன ஆலையின் பீர்தானா? அங்கேதான் ஏமாற்றம். லண்டனின் கேம்டன் டவுன் ஆலை 2010-களில் இளைஞர்களின் செல்லப்பிள்ளை. 2015-இல் அதை உலகின் மிகப்பெரிய பீர் நிறுவனமான ‘ஏபி இன்பெவ்’ வாங்கியது. கிரீன்விச்சின் ‘மீன்டைம்’ ஆலை பிறகு ஜப்பானின் அசாஹி கைக்குப் போனது. சிஸ்விக்கின் பழம்பெரும் ஃபுல்லர்ஸ் நிறுவனத்தின் பீர் வியாபாரத்தையும் 2019-இல் அசாஹியே வாங்கியது. ‘பீவர்டவுன்’ இன்று ஹெய்னிக்கன் வசம். லூயிஸ் மக்களோடு மல்லுக்கட்டிய கிரீன் கிங்கைக்கூட 2019-இல் ஹாங்காங் நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. பெரிய மீனை அதைவிடப் பெரிய மீன் விழுங்கிய கதை.

கை மாறியதால் பீர் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால், ‘உள்ளூர் ஆலையை ஆதரிக்கிறேன்’ என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுப்பவருக்கு, அந்தக் காசு எங்கே போகிறது என்று தெரிய வேண்டாமா? அதற்காகத்தான் சுதந்திர ஆலைகளின் சங்கமான ‘சிபா’, பெரிய நிறுவனங்களுக்குச் சொந்தமில்லாத ஆலைகளுக்குத் தனி முத்திரை கொடுக்கிறது.

நம் நாட்டுப் பெயரும் ஒரு லேபிளில் இருக்கிறது. ‘இந்தியா பேல் ஏல்’, சுருக்கமாக ஐ.பி.ஏ. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் துறைமுகங்களுக்குக் கப்பலேறிய வெளிர்நிற பீரின் வழிவந்த பெயர் அது. மாதக்கணக்கான கடல் பயணத்தைத் தாங்க ஹாப்ஸ் பூவைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். பயணம் நின்றுவிட்டது. பெயரும் கசப்பும் மட்டும் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன.

பப்பை வாங்கிய ஊர்

பீர் பிழைத்துவிட்டது. ஆனால், பப்? 1980-இல் பிரிட்டனில் ஏறக்குறைய 70 ஆயிரம் பப்கள் இருந்தன. இப்போது 45 ஆயிரத்தைச் சுற்றித்தான். வாடகை, மின்சாரம், வரி, சூப்பர் மார்க்கெட்டின் மலிவு விலை என்று பல பக்கமும் அடி. பப் மூடினால், பீர் விற்கும் கடை ஒன்று போனது என்று மட்டும் ஆகாது. டீக்கடை பெஞ்ச்சும் ஊர் மந்தையும் சேர்ந்து போன மாதிரி ஆகிவிடும். தனியாக வாழும் முதியவர் நாலு வார்த்தை பேசுவதற்கு இருந்த ஒரே இடம் அதுவாகக்கூட இருக்கலாம்.

சில ஊர்கள் இதற்கும் வழி கண்டுபிடித்தன. கம்ப்ரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராமத்தில், உள்ளூர் ஆலையையே ஊர் மக்கள் கூட்டுறவு முறையில் வாங்கினார்கள். 2003-இல், நூற்றுக்கும் மேற்பட்டோர் பணம் போட்டு, ‘ஓல்டு கிரவுன்’ பப்பையும் வாங்கினார்கள். பிரிட்டனின் முதல் கூட்டுறவு பப் அது.

லண்டன் நன்ஹெட் பகுதியில் ‘ஐவி ஹவுஸ்’ பப் 2012-இல் மூடப்பட்டு, அடுக்குமாடிக் குடியிருப்பாகும் அபாயத்தில் இருந்தது. ‘சமுதாயத்துக்கு மதிப்புள்ள சொத்து’ என்று பதிவுசெய்தால், விற்பனைக்கு வரும்போது ஊர் மக்கள் பணம் திரட்ட அவகாசம் தரும் புதுச் சட்டம் அப்போதுதான் வந்திருந்தது. அக்கம்பக்கத்தினர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நாட்டிலேயே முதன்முதலாக அப்படிப் பதிவான பப் அதுதான். நூற்றுக்கணக்கானோர் பங்கு வாங்கினார்கள். 2013 ஆகஸ்டில் பப் மறுபடி திறந்தது.

குடிப்பவர்களுக்குக் கொஞ்சம் கணக்கு

பாரம்பரியம், சுவை என்று எவ்வளவு சொன்னாலும் பீரும் மதுதான். ஆல்கஹாலில் முழுப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம், அதையும் மூன்று நாள்களாகவோ அதற்கு மேலாகவோ பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது பிரிட்டன் மருத்துவ அதிகாரிகளின் அறிவுரை. ஆண், பெண் இருவருக்கும் அதே அளவுதான். 4 சதவிகித ஆல்கஹால் உள்ள ஒரு பைண்டில் சுமார் 2.3 யூனிட் இருக்கிறது. ஆக, ஒரு வாரம் முழுவதற்கும் ஆறு பைண்ட்தான். 6 சதவிகித ஐ.பி.ஏ. என்றால் நான்கு பைண்டிலேயே கணக்கு முடிந்துவிடும். கர்ப்பிணிகள் அறவே தொடக்கூடாது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்பது குற்றம்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதில், இங்கிலாந்தில் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். ஸ்காட்லாந்தில் 50. இந்தியாவில் 30தான். அங்கே தப்பித்த அளவு இங்கே சிக்க வைக்கும். சாவியைத் தொடாமல் இருப்பதே எந்த நாட்டிலும் சரியான அளவு.

பழைய பிரிட்டிஷ் பீப்பாய் பீர்கள் பெரும்பாலும் 3.5 முதல் 4.5 சதவிகிதத்துக்குள் இருப்பதற்குக் காரணம் உண்டு. பேச்சுக்குத் துணையாக, நேரமெடுத்துக் குடிப்பதற்காக உருவானவை அவை. வேகமாகக் குடிப்பவருக்கு எல்லாச் சரக்கும் ஒன்றுதான். உள்ளூர் பீருக்கும் தொழிற்சாலை பீருக்கும் அவர் நாக்கில் வித்தியாசம் இல்லை. அப்படிப்பட்டவர்கள் மட்டுமே வாடிக்கையாளர்களாக இருந்திருந்தால் சின்ன ஆலைகள் என்றைக்கோ மூடியிருக்கும்.

ஆலையைக் காப்பாற்றியவர்கள் அதிகம் குடித்தவர்கள் அல்ல. ‘இது எங்கே காய்ச்சியது? எப்போது திறந்தது? அளவு சரியாக இருக்கிறதா?’ என்று கவுன்டரில் நின்று கேட்டவர்கள். பீரோ, பாலோ, அரிசியோ, அந்த மூன்று கேள்விகளுக்குக் காசு கிடையாது.